ராகிக்கு முதலில் வெல்லம் போட்டது யார்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சமையலறைகளில் ராகி இரண்டு வேடம் போடுகிறது. பெரியவர்களின் தட்டில் அது களி. ஆவி பறக்கும் உருண்டையில் குழி செய்து கீரைக் கடைசலோ கொள்ளுக் குழம்போ அவரைக்கொட்டைக் குழம்போ ஊற்றிக்கொள்வார்கள். கோடையில் மோர் விட்டுக் கரைத்த கூழாகும்போது பக்கத்தில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் இருக்கும். எந்த வடிவிலும் இனிப்பு கிடையாது. அதே வீட்டில், ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்காக அதே ராகியை ஊறவைத்து, அரைத்து, துணியில் பால் பிழிந்து காய்ச்சும்போது வெல்லமோ பனங்கற்கண்டோ நாட்டுச் சர்க்கரையோ பெரும்பாலும் சேர்ந்துவிடுகிறது.

ஒன்றரை ஆண்டு கழித்து அந்தக் குழந்தையின் முன் களியைக் கிள்ளி வைத்தால், வாயில் வாங்கிய வேகத்திலேயே நாக்கால் வெளியே தள்ளுகிறது. பிள்ளைக்கு ராகி பிடிக்கவில்லை என்று வீட்டில் முடிவாகிறது. விசித்திரமான முடிவுதான். இத்தனை நாளும் அது மறுக்காமல் குடித்து வளர்ந்தது ராகியைத்தானே? குழந்தை மறுப்பது ராகியை அல்ல, இனிக்காத ராகியை. ராகி என்றால் இனிக்க வேண்டும் என்று அதற்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான்.

குழந்தைகளும் இனிப்பும் என்ற பேச்சு வந்தாலே, பிஸ்கட்டும் சாக்லேட்டும் கொடுத்துப் பிள்ளைகளுக்கு இனிப்பு ஆசையை நாம்தான் மூட்டிவிட்டோம் என்று சொல்லப்படுவது வழக்கம். பாதிதான் சரி. இனிப்பின் மீதான ஆசையை யாரும் மூட்ட வேண்டியதில்லை. அது பிறக்கும்போதே இருக்கிறது. எந்தெந்தப் பண்டத்தில், எந்தெந்த நேரத்தில், எவ்வளவு இனிப்பு இருப்பது இயல்பு என்ற கணக்கைத்தான் குழந்தை வீட்டிலிருந்து கற்றுக்கொள்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒருபக்கம் பெற்றோருக்குத் தேவையில்லாத குற்ற உணர்ச்சி. இன்னொருபக்கம், திருத்தக்கூடிய இடத்தில் திருத்தாமல் விடுவது.

முதலில் பிறவி விஷயம். 1970களில் இஸ்ரேலிய ஆய்வாளர் ஜேக்கப் ஸ்டெய்னர், பிறந்து சில மணி நேரமே ஆன, இன்னும் பால்கூடக் குடிக்காத குழந்தைகளின் நாக்கில் இனிப்பு, புளிப்பு, கசப்புத் துளிகளை வைத்து முகத்தைப் படம்பிடித்தார். இனிப்புக்கு முகம் தளர்ந்து, உதடு சப்புக்கொட்டியது. புளிப்புக்கு உதடு குவிந்தது. கசப்புக்கு வாய் திறந்து, நாக்கு வெளியே தள்ளியது. யாரும் கற்றுக்கொடுக்காமல் வந்த முகங்கள் அவை. இனிப்பு என்றால் சக்தி, கசப்பு என்றால் நஞ்சாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை. காட்டில் வாழ்ந்த காலத்து உடலுக்கு இந்த ஏற்பாடு உயிர் காத்திருக்கும்.

தாய்ப்பாலும் இனிப்புதான். நூறு மில்லியில் சுமார் 7 கிராம் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கிறது. ஆனால் லாக்டோஸ் நம் சர்க்கரையைப் போலத் தித்திப்பதில்லை; அதன் இனிப்பு சர்க்கரையின் இனிப்பில் ஏறத்தாழ கால் பங்குதான். ஆகவே நூறு மில்லி தாய்ப்பால், அதே அளவு தண்ணீரில் இரண்டு கிராமுக்கும் குறைவான சர்க்கரையைக் கரைத்தால் எப்படி இனிக்குமோ அப்படித்தான் இனிக்கும். இயற்கை குழந்தைக்கு வைத்த இனிப்பின் அளவு அவ்வளவே. அதற்கு அடுத்ததாக நாம் வைக்கும் முதல் கஞ்சியில் ஒரு கரண்டி வெல்லம் விழும்போது, குழந்தை அதுவரை அறியாத ஒரு உயரத்துக்கு இனிப்பு ஏறிவிடுகிறது.

பல வீடுகளில் இந்த ஏற்றம் ஆறு மாதம்கூடக் காத்திருப்பதில்லை. பிறந்த குழந்தையின் நாக்கில் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் சேனை வழக்கம் தமிழ்நாடெங்கும் உண்டு. வைத்தவரின் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. ஒரு சொட்டில் சுவை மாறிவிடாது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் மருத்துவர்கள் இதைத் தடுப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அந்த முதல் இடத்தை வேறு எதுவும் பிடிக்கக்கூடாது. தேனில் பாட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம் என்பதால், ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது.

அழுகிற குழந்தையின் வாயில் சர்க்கரையைத் தடவினால் அமைதியாகிவிடும் என்று பாட்டிமார்கள் சொல்வது மூடநம்பிக்கை அல்ல. பச்சிளங்குழந்தைகளுக்குக் குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும்போது நாக்கில் சர்க்கரைக் கரைசல் விட்டால் அழுகை குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருத்துவமனைகளில் இதை ஒரு முறையாகவே பயன்படுத்துகிறார்கள். இனிப்பு அந்த வயதில் சுவையாக மட்டும் இல்லை, வலி மறப்பாகவும் வேலை செய்கிறது. பிரச்சினை எங்கே வருகிறது என்றால், பாட்டியின் கை மருந்து ஒவ்வொரு அழுகைக்கும் நீளும்போதுதான்.

தண்ணீரில் தொடங்கிய பாடம்

இனி கற்றுக்கொள்ளும் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில், சுவையையும் மணத்தையும் மட்டுமே ஆராயும் மோனெல் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே கேரி போஷாம்ப் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர் மோரனும் 1980களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் அடிக்கல். பிறந்த குழந்தைகளுக்குச் சாதாரண நீரையும் சர்க்கரை நீரையும் கொடுத்து எதை எவ்வளவு குடிக்கின்றன என்று அளந்தார்கள். ஆறு மாதம் கழித்து அதே குழந்தைகளை மறுபடி சோதித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் சில தாய்மார்கள் வீட்டில் வழக்கமாகச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருந்தார்கள், சிலர் கொடுக்கவில்லை. பிறந்தபோது வேறுபாடு காட்டாத இரு தரப்புக் குழந்தைகளும் ஆறாம் மாதத்தில் பிரிந்து நின்றன. சர்க்கரைத் தண்ணீர் பழகிய குழந்தைகள் அதை அதிகமாகக் குடித்தன. பழகாதவற்றுக்கு அந்த ஆர்வம் தணிந்திருந்தது.

இரண்டு வயதிலும் அந்த வேறுபாடு இருந்தது. ஆனால் ஒரு நுணுக்கத்தோடு. பழச்சுவை பானத்தில் சர்க்கரை சேர்த்துக் கொடுத்தபோது இரு தரப்பும் ஒன்றுபோலவே குடித்தன. வெறும் தண்ணீரில் சேர்த்தபோதுதான் வேறுபாடு வந்தது. அதாவது, சர்க்கரைத் தண்ணீர் பழகிய குழந்தைக்கு இனிப்பு வெறி பிடித்துவிடவில்லை. தண்ணீர் இனிக்கலாம் என்று அது கற்றுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மற்றக் குழந்தைகளுக்குத் தண்ணீர் என்றால் தண்ணீர்.

லியன் பர்ச் என்ற உளவியலாளரும் சூசன் சலிவனும் 1990இல் வெளியிட்ட சோதனை இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. நாலைந்து வயதுக் குழந்தைகளுக்கு, அவர்கள் அதுவரை அறியாத டோஃபுவை, அதாவது சோயாப் பாலில் செய்த பன்னீரைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு வெறுமனே, ஒரு பிரிவினருக்கு உப்பு போட்டு, இன்னொரு பிரிவினருக்கு இனிப்பாக. சில வாரங்களில் 15 முறை ருசி பார்த்தபின், ஒவ்வொரு குழந்தைக்கும் பிடித்துப்போனது தான் பழகிய வடிவம் மட்டுமே. இனிப்பு டோஃபு தின்று பழகிய குழந்தை டோஃபுவையே விரும்பத் தொடங்கும், பிறகு இனிப்பை மெல்ல எடுத்துவிடலாம் என்று நம்மில் பலரும் போடும் கணக்கு அங்கே தோற்றது. வெறும் டோஃபு அந்தக் குழந்தைகளுக்கு அன்னியமாகவே இருந்தது.

டோஃபுவின் இடத்தில் ராகியை வைத்துப் பாருங்கள். முதலில் வெல்லம் போட்டுப் பழக்குவோம், ருசி கண்டபின் களி தானாகத் தின்னும் என்று சொல்லும் வீடுகள் அந்தச் சோதனையின் இனிப்புப் பிரிவை நடத்திக்கொண்டிருக்கின்றன. பதினைந்து முறை அல்ல, ஆண்டுக்கணக்கில்.

தாய் தின்பதைப் பிள்ளை குடிக்கிறது

சுவைப் பாடம் முதல் கஞ்சிக்கு முன்னாலேயே தொடங்குகிறது. கருவில் மூன்றாம் மாதம் முடியும்போதே சிசு பனிக்குட நீரை விழுங்க ஆரம்பிக்கிறது. தாய் உண்ணும் உணவின் மணம் அந்த நீரில் கலக்கிறது, பிறகு தாய்ப்பாலிலும். மோனெல் மையத்தின் ஜூலி மென்னெல்லா 2001இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பாலூட்டும் தொடக்க மாதங்களிலோ சில தாய்மார்கள் வாரத்துக்கு நாலு நாள் கேரட் சாறு குடித்தார்கள்; ஒப்பிடுவதற்காக மற்றொரு பிரிவினர் தண்ணீர் மட்டும் குடித்தார்கள். பிள்ளைகள் திட உணவு தொடங்கியபோது கேரட் கலந்த கூழைக் கொடுத்துப் பார்த்தார்கள். கேரட் சாறு குடித்தவர்களின் குழந்தைகள் அந்தக் கூழுக்கு முகம் சுளித்தது குறைவு.

இதன்படி, கர்ப்ப காலத்தில் கீரையும் கொள்ளும் பூண்டும் புளிக்குழம்பும் களியும் தின்ற பெண்ணின் பிள்ளை, ஊர்ச் சமையலின் மணத்தை ஓரளவு அறிந்துகொண்டே பிறக்கிறது. நம் ஊர் வழக்கம் ஒன்று இங்கே யோசிக்க வைக்கிறது. பிரசவத்துக்குப் பின் பத்தியம் என்ற பேரில் தாயின் தட்டிலிருந்து ஒவ்வொரு காயாக நீக்கிக்கொண்டே போவோம்: இது குளிர்ச்சி, அது வாயு, இன்னொன்று பிள்ளைக்கு ஆகாது. பூண்டும் மிளகும் கருவாடும் தாராளமாக வரும் பத்தியத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. மாதக்கணக்கில் ரசம் சோறு, ரொட்டி, பால் என்று சுருங்கிவிடும் பத்தியத்தில், தாயின் உடல்நலம் ஒருபுறம் இருக்க, பாலின் வழியாகப் பிள்ளைக்குப் போகும் பாடமும் சுருங்குகிறது.

புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்த மாற்றங்கள் கிடையாது. காலை முதல் இரவு வரை, திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரே சுவை. அந்த ஒரே சுவையிலும் ஒரு பாடம் இருக்கிறது. பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கென்று புரதத்தைச் சிதைத்துத் தயாரிக்கும் ஒரு வகைப் பால்மாவு கசப்பும் நெடியும் உள்ளது. பெரியவர்களால் வாயில் வைக்க முடியாது. அதை முதல் சில மாதங்களிலேயே தொடங்கினால் குழந்தைகள் மறுப்பில்லாமல் குடிக்கின்றன. ஏழு மாதத்தில் முதன்முறையாகக் கொடுத்தால் துப்பிவிடுகின்றன. கசப்பு பிறவியிலேயே பிடிக்காது என்றோம். அந்தப் பிறவிக் குணத்தையும் தொடக்கப் பழக்கம் வளைத்துவிடுகிறது.

அம்மாக்கள் அடிக்கடி ஏமாறும் இடம் குழந்தையின் முகம். 2007இல் ஃபாரஸ்டெல், மென்னெல்லா இருவரும் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளுக்கு எட்டு நாட்கள் தொடர்ந்து பீன்ஸ் மசியலைக் கொடுத்தார்கள். எட்டு நாள் முடிவில் அவை தின்ற அளவு ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. ஆனால் பல குழந்தைகள் ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைச் சுளித்தபடியேதான் தின்றன. சுளிப்பு மறைவதற்கு முன்பே வயிறு ஒப்புக்கொண்டுவிடுகிறது. நாமோ முதல் சுளிப்பைப் பார்த்ததும் கிண்ணத்தை நகர்த்திவிட்டு வாழைப்பழத்தையோ பிஸ்கட்டையோ எடுக்கிறோம். முருங்கைக்கீரை மசியலுக்கு இரண்டு வாய்ப்பு. பிஸ்கட்டுக்குத் தினமும் வாய்ப்பு. பிறகு, எங்கள் பிள்ளை கீரையே தொடாது என்கிறோம்.

காலமும் அளவில்லாமல் கிடப்பதில்லை. இரண்டு வயதையொட்டிக் குழந்தைகளுக்குப் புதுப் பண்டத்தைக் கண்டாலே சந்தேகம் வந்துவிடுகிறது. பள்ளிப் பருவத்தின் தொடக்கம் வரை அது நீடிக்கும். நடக்கத் தெரிந்து, கண்டதையெல்லாம் வாயில் போடக்கூடிய வயதில் இந்தச் சந்தேகம் ஒரு காவல். ஆனால் ஆறாம் மாதத்துக்கும் இரண்டாம் வயதுக்கும் இடையில் நாக்குக்கு அறிமுகமாகாத பண்டங்கள் இந்தக் காவலைத் தாண்டி உள்ளே போவது கஷ்டம். களிக்கு நேர்வது இதுதான். கதவு மூடத் தொடங்கும் வயதில்தான் அதை முதன்முதலாக வாசலுக்குக் கொண்டுவருகிறோம்.

அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர் 1920களின் பிற்பகுதியில் தொடங்கி நடத்திய ஒரு பழைய சோதனையை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளுக்கு 34 வகை உணவுகளை முன்னால் வைத்து, எதை வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னட்டும் என்று விட்டார். குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தன. குழந்தைக்குத் தனக்கு எது தேவை என்று தெரியும், அதன் போக்கில் விடுங்கள் என்று வாதிடுபவர்கள் இன்றும் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்த 34 உணவுகளில் சர்க்கரையும் இல்லை, சர்க்கரை சேர்த்த எதுவும் இல்லை. சூட்சுமம் உணவுப் பட்டியலில்தான் இருக்கிறது என்று 1939இல் டேவிஸே எழுதினார். தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தைக்கு. எதிலிருந்து தேர்ந்தெடுப்பது என்பது பெரியவர்களின் கையில்.

அந்தப் பட்டியலை இன்று நம் ஊரில் யார் தயாரிக்கிறார்கள்? பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன இளம் பெற்றோர் ஏராளம். பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம். ஓசூர் பக்கம் தொழிற்சாலைக்கோ பூப்பண்ணைக்கோ விடியலில் கிளம்பும் தாய்க்கு, பிள்ளைக்குக் கீரை மசித்து எட்டு நாள் பொறுமையாக ஊட்டும் நேரம் இருப்பதில்லை. காலையில் டீயில் நனைத்த பொறை, பத்து மணிக்கு பிஸ்கட், மாலையில் பெட்டிக்கடையில் தேன் மிட்டாய். மாதம் ஒருமுறை ஊருக்கு வரும் அப்பாவின் கையில் ஒரு பை நிறைய பாக்கெட்டுகள். அந்தப் பை பாசத்தின் அளவு. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இனிப்பைப் பரிசாகக் கொடுக்கும்போது அந்த இனிப்பின் மீது விருப்பம் மேலும் கூடுகிறது என்று பர்ச் 1980இலேயே பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளிடம் காட்டியிருக்கிறார். கீரையைத் தின்றால் மிட்டாய் என்ற பேரத்தில் உயர்வது மிட்டாயின் மதிப்பு. கீரை வெறும் தண்டனையாகிவிடுகிறது.

மலிவான குளுக்கோஸ் வகை பிஸ்கட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சர்க்கரை. அதைவிட எனக்கு உறுத்துவது மாம்பழச் சுவை பானங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழக் கூழுக்குப் பெயர்பெற்றது. இங்கே பெங்களூரா என்று அழைக்கப்படும் கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாகக் கூழ் ஆலைகளுக்குப் போகிறது. அந்த வகைக் கூழ்தான் நாடெங்கும் விற்கும் மாம்பழ பானங்களுக்கு அடிப்படை. பழ பானம் என்று விற்க, நம் நாட்டு விதிகளின்படி பத்து சதவீதம் பழம் இருந்தால் போதும். மிச்சம் பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும். தோட்டத்துப் பழம் கூழாகி, பானமாகி, பத்து ரூபாய் பாக்கெட்டில் அதே ஊர்ப் பெட்டிக்கடைக்குத் திரும்பி வருகிறது.

சர்க்கரை அளவை மட்டும் பார்த்தால் பழுத்த மாம்பழத்திலும் நூறு கிராமுக்கு 14 கிராம் அளவில் இருக்கிறது. ஆனால் பழத்தைக் குழந்தை கடிக்கிறது, சப்புகிறது, நார் பல்லில் சிக்குகிறது, ஒரு பழம் புளிக்கிறது, அடுத்தது இனிக்கிறது, ஆடி முடிந்தால் பழமே இல்லை. மாம்பழம் கற்றுத்தரும் இனிப்புக்குப் பருவமும் ஏற்ற இறக்கமும் உண்டு. பாக்கெட் ஆண்டு முழுக்க ஒரே இனிப்பில் வருகிறது. தண்ணீர் இனிக்கலாம் என்று கற்ற அந்த அமெரிக்கக் குழந்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள். தாகத்துக்குப் பாக்கெட் பானம் பழகிய குழந்தைக்குத் தண்ணீர் சப்பென்று இருக்கிறது.

வெள்ளைச் சர்க்கரை கெடுதல், நாங்கள் வெல்லம்தான் போடுகிறோம் என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள் உள்ள மாவட்டத்தில் வெல்லத்தைக் குறைசொன்னால் கோபம் வரும், தெரியும். பெரியவர்களுக்கு எது நல்லது என்ற விவாதம் தனி. குழந்தையின் நாக்கைப் பொறுத்தவரை வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் எல்லாம் ஒரே பாடத்தைத்தான் நடத்துகின்றன. இவற்றில் பெரும்பங்கு சர்க்கரைதான். உணவில் சேர்க்கும் எந்த இனிப்பையும், தேனையும் பழச்சாற்றையும்கூட, உலகச் சுகாதார நிறுவனம் ஒரே கணக்கில்தான் வைக்கிறது. இரண்டு வயது வரை சர்க்கரை சேர்க்காதீர்கள் என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சொல்கிறது.

வெல்லம் இல்லாமல் குழந்தை எப்படிக் குடிக்கும் என்று கேட்டால், பதில் நம் ஊர்ப் பழக்கத்திலேயே இருக்கிறது: முளைகட்டுதல். ராகியை ஊறவைத்து, துணியில் கட்டி, முளை விட்டபின் காயவைத்து, வறுத்து அரைக்கும்போது, முளையில் பிறக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சிறு சர்க்கரைகளாக உடைக்கிறது. கஞ்சி இளகிவிடுவதால், அதே கிண்ணத்தில் கூடுதல் மாவைக் கரைத்துக் கூடுதல் சத்தை ஊட்ட முடியும். லேசான இனிப்பும் தானாகவே வந்துவிடும். தாய்ப்பாலின் மெல்லிய இனிப்புக்கு அடுத்த படியாக இது பொருத்தமானது. அப்படிப் பக்குவம் செய்த மாவில் மறுபடி இரண்டு கரண்டி வெல்லத்தைப் போடுவது முளைகட்டிய உழைப்புக்கே மரியாதைக் குறைவு. இதன் பக்கத்தில் பருப்பு மசியலும் கீரை மசியலும் பூசணியும் ஒவ்வொன்றாக வரட்டும். இனிப்பு வேண்டாம் என்றால் உப்பு என்று பொருள் இல்லை. ஒரு வயது வரை தனியாக உப்பும் தேவையில்லை.

அங்கன்வாடியில் தரும் சத்துமாவில் வெல்லம் முன்கூட்டியே கலந்திருக்கிறது என்பது இந்த விவாதத்தில் சங்கடமான இடம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எடை குறைந்த குழந்தைக்குச் சிறிய அளவில் அதிகக் கலோரி போக வேண்டும்; இனிப்பாக இருந்தால் குழந்தை மறுக்காது; கொதிநீரில் கலந்தால் போதும். பசியோடு போராடிய காலத்தின் கணக்கு அது. எடை குறைந்த பிள்ளையின் தாய், நாக்குப் பழக்கத்தை நினைத்துச் சத்துமாவை நிறுத்தினால் அதைவிடத் தவறு வேறில்லை. ஆனால் இனிப்பைத் தனிப் பொட்டலமாகக் கொடுத்து, சேர்ப்பதும் குறைப்பதும் தாயின் கையில் இருக்கும்படி செய்தால் என்ன என்று கேட்கலாம் அல்லவா? கடையில் விற்கும் தானியப் பால்மாவுகளுக்கு அந்த நியாயமும் கிடையாது. பன்னாட்டு நிறுவனம் ஒன்று ஐரோப்பாவில் சர்க்கரை சேர்க்காமல் விற்கும் குழந்தை உணவை இந்தியாவில் சர்க்கரை சேர்த்து விற்பதாக 2024இல் சுவிட்சர்லாந்து அமைப்பு ஒன்று அம்பலப்படுத்தியது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான உணவை விளம்பரம் செய்யவே 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் தடை விதிக்கின்றன. டப்பாவுக்குள் எவ்வளவு இனிப்பு என்பது வேறு கதை.

இவ்வளவும் சொன்னபின், ஆய்வுகளின் எல்லையையும் சொல்ல வேண்டும். போஷாம்பின் ஆய்வில் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தவர்கள் தாய்மார்களே. அப்படிக் கொடுத்த வீடுகள் வேறு விதங்களிலும் மாறுபட்டிருக்கலாம். எப்படி வளர்த்தாலும் குழந்தைகள் பெரியவர்களைவிடக் கூடுதல் இனிப்பைத்தான் விரும்புகிறார்கள். பதின்பருவத்தின் நடுவில் அது தானாகத் தணிகிறது. வளர்ந்தபின் பழக்கத்தை மாற்றினால் விருப்பம் மாறுமா என்று நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆறு மாதம் சோதித்தார்கள். கூடுதல் இனிப்பு உண்டவர்கள், குறைத்து உண்டவர்கள், இடைப்பட்டவர்கள் என்று பிரிக்கப்பட்ட பெரியவர்களில் எந்தப் பிரிவினருக்கும் இனிப்பின் மீதான விருப்பம் மாறவில்லை. இனிப்பைக் குறைத்தால் ஆசை குறைந்துவிடும் என்று பெரியவர்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. அந்த விருப்பம் எளிதில் நகர்வதில்லை. நகர்த்தக்கூடியது, எதில் இனிப்பு என்ற பழக்கம். அதற்குத் தோதான வயது மிகச் சிறியது.

அந்தச் சிறிய வயதின் கனம் எவ்வளவு என்பதற்கு இங்கிலாந்து ஓர் எதிர்பாராத சாட்சி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே வந்த சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில் நீங்கியது. ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 கிராமாக இருந்த சர்க்கரை வெகுவிரைவில் 80 கிராமை நெருங்கியது. ரேஷன் காலத்தில் கருவாகித் தவழ்ந்தவர்களையும், நீங்கியபின் கருவானவர்களையும் ஐம்பது அறுபது வயதில் ஒப்பிட்டு 2024இல் சயின்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. வாழ்வின் முதல் ஆயிரம் நாட்கள் ரேஷனில் கழிந்தவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதமும், ரத்த அழுத்த வாய்ப்பு சுமார் 20 சதவீதமும் குறைவு. நோய் வந்தவர்களுக்கும் அது சில ஆண்டுகள் தள்ளியே வந்தது. அந்தக் குழந்தைகளிடம் இனிப்பைப் பறித்தவர் யாரும் இல்லை. அந்த வீடுகளில் சர்க்கரை அறவே இல்லாமல் போய்விடவில்லை, அளவோடு இருந்தது.

தொடக்க ஆண்டுகளின் தழும்பு என்றால் என்ன என்பது தருமபுரிக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஈறுக்குள் பல் உருவாகும் வயதில் ஃப்ளோரைடு மிகுந்த தண்ணீரைக் குடித்தவர்களின் பல்லில் விழுந்த பழுப்புக் கறை, பின்னாளில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தும் மறையவில்லை. நல்ல வேளையாக நாக்கு பல்லைப் போல அல்ல. சலிவன், பர்ச் சோதனையில் இருந்தவர்கள் நாலைந்து வயதுக் குழந்தைகள். அந்த வயதிலும் வெறும் டோஃபுவைத் திரும்பத் திரும்ப ருசித்தவர்களுக்கு வெறும் டோஃபு பிடித்துப்போனது. ஆகவே மூன்று வயதில் களியைத் துப்பும் பிள்ளையோடு இனிப்பு மால்ட்டின் அளவைக் குறைத்துப் பேரம் பேசிக்கொண்டிருப்பதைவிட, களியைக் களியாகவே, மொச்சைக் குழம்பில் தொட்டு, ஒரு விரல் அளவு, பெரியவர்கள் தின்னும்போது பக்கத்தில் உட்காரவைத்துக் கொடுப்பதுதான் பலன் தரும் என்பது என் கணிப்பு. கட்டாயம் வேண்டாம், பரிசும் வேண்டாம்; பத்துப் பதினைந்து முறை சலிக்காமல் வைக்க வேண்டும்.

மாவுக்கும் பஞ்சமில்லை. தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2023 முதல் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி தருகிறார்கள். பல வீடுகளில் அது சர்க்கரை நோய் வந்த தாத்தாவுக்கான களியாகிறது; மிச்சமிருக்கும் மாவில் பேரனுக்குச் சர்க்கரை போட்ட மால்ட் தயாராகிறது.